பழவேற்காட்டுத் துட்டும் நெல்லூர் மலைச் செம்பும்

எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் காசை 'துட்டு' என்றுதான் சொல்வார்கள். "துட்டு இல்லாம வலை இன்னாத்துக்கு?" என்பது எங்கள் மாமா அடிக்கடி சொல்லும் வசனம். இந்தத் துட்டு என்ற சொல் 'டாய்ட்' என்ற டச்சுக்காரர்களின் செப்புக் காசின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அது உண்மையானால், பழவேற்காட்டுக்காரர்களுக்கு அந்தச் சொல்லில் கொஞ்சம் கூடுதல் உரிமை இருக்கிறது. டச்சுக்காரர்கள் காசு அடித்த இடங்களில் எங்கள் ஊரும் ஒன்று.

காசு அடிக்கச் செம்பு வேண்டும். அந்தச் செம்பு எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியில்தான் கட்டுரை தொடங்கியது. தேடப் போனது காசை, போய்ச் சேர்ந்தது சுரங்கக் கம்பெனிகளின் கதையில். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் ஏரிக்கே திரும்பி வந்துவிடுவோம்.

கடல் வழியாக வந்த செம்பு

1610ல் விஜயநகர அரசர் இரண்டாம் வேங்கடபதியிடம் அனுமதி பெற்று டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பழவேற்காட்டில் கால் ஊன்றியது. அந்தக் கம்பெனியின் சுருக்கப் பெயர் வி.ஓ.சி. (நம்ம கப்பலோட்டிய தமிழன் வ.உ.சி. இல்லை, குழம்பிவிட வேண்டாம்!) 1613ல் ஜெல்டிரியா கோட்டை கட்டினார்கள். 1690ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைநகரம் பழவேற்காடுதான். இன்று அந்தக் கோட்டை இருந்த இடத்தில் புதர். வாசல் தூணில் எலும்புக்கூடு செதுக்கிய டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறை பாதுகாப்பில் ஒழுங்காக நிற்கிறது.

டச்சுக்காரர்களுக்கு இங்கே வேண்டியது துணி. இங்கே நெய்த துணியைக் கொண்டுபோய் இந்தோனேசியத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்குவார்கள். துணிக்கு விலையாகக் கொடுக்க வெள்ளியும் தங்கமும் செம்பும் கொண்டுவந்தார்கள். செம்பு வந்தது ஜப்பானிலிருந்து. நாகசாகித் துறைமுகத்தில் டெஷிமா என்ற குட்டித் தீவில் 1641 முதல் அவர்களுக்கு மட்டும் வியாபாரம் செய்ய இடம் இருந்தது. 1668ல் ஜப்பான் வெள்ளி ஏற்றுமதியைத் தடுத்ததும் செம்பு முக்கியச் சரக்கானது. ஒசாகாவில் சுத்தம் செய்து, சிவந்த சின்னச் சின்னக் கம்பிகளாக வார்த்து, பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். அந்தச் செம்பு நம் கரையில் குடமாகவும் மணியாகவும் காசாகவும் மாறியது.

1715ல் ஜப்பான் அரசு, ஆண்டுக்கு இரண்டு டச்சுக் கப்பல்தான், செம்பும் அளவோடுதான் என்று கட்டுப்பாடு போட்டது. சுரங்கங்கள் முன்போல் கொடுக்கவில்லை என்பதும் ஒரு காரணம். பிறகு அந்த இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலாந்தின் கார்ன்வால் செம்பு பிடித்தது. ஆக, ஒருமுறை கிழக்கிலிருந்து, ஒருமுறை மேற்கிலிருந்து. எப்படியானாலும் நமக்குச் செம்பு கடலில்தான் வந்தது.

மலையில் கிடந்த செம்பு

இப்போது வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. பழைய நெல்லூர் மாவட்டம் கிழக்கே இந்த ஏரியில் தொடங்கி, மேற்கே மலைத்தொடர் வரை போகும். அந்த மேற்கு மலைப் பக்கத்தில் செம்புத் தாது இருந்தது! ஏழு கடல் தாண்டி டச்சுக்காரன் செம்பு கொண்டுவந்து இறக்கிய கரைக்குப் பின்னால், அதே மாவட்டத்தின் மறு கோடியில் செம்பு சும்மா கிடந்தது.

1801ல் இந்தத் தாது ஆங்கிலேயர் கண்ணில் பட்டது. அதே 1801ல்தான் ஆற்காட்டு நவாப்பின் கையிலிருந்து கர்நாடகப் பகுதி முழுவதும், நெல்லூர் உட்பட, கம்பெனியின் நேரடி ஆட்சிக்கு வந்தது. புதிதாகக் கைக்கு வந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஆட்சியாளர் வழக்கம். கம்பெனியில் தாவரவியலாளராக இருந்த பெஞ்சமின் ஹெய்ன் என்பவர் காளஹஸ்தி, வெங்கடகிரி, நெல்லூர் பக்கத்துச் செம்பைப் பற்றி எழுதி வைத்தார். 1814ல் லண்டனில் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் அது இருக்கிறது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் ஐரோப்பிய முதலாளிகள் ஒருவர் பின் ஒருவராக அந்தச் செம்பை எடுக்க முயன்றார்கள். ஒருவருக்கும் கட்டுப்படியாகவில்லை. 1840க்குப் பிறகு அந்த முயற்சி கைவிடப்பட்டது. பழைய கலைக்களஞ்சியங்களில் நெல்லூர் என்ற தலைப்பின் கீழ் இந்தச் சேதி இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. போட்ட பணம், தோண்டிய கூலியாட்கள், திரும்பிப் போனவர்கள் எல்லாம் அந்த இரண்டு வரிக்குள் புதைந்து கிடக்கிறது.

ஏன் தோற்றார்கள்? நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். தாது கிடைத்துவிட்டால் செம்பு கிடைத்துவிட்டதாக அர்த்தமில்லை. உருக்க எரிபொருள் வேண்டும். அந்தப் பக்கம் நிலக்கரி இல்லை, விறகும் கரியும்தான். அந்த விறகுக்கும் போட்டி. ஸ்ரீஹரிக்கோட்டைக் காட்டு விறகு 19ஆம் நூற்றாண்டில் கால்வாய்ப் படகில் ஏறிச் சென்னை அடுப்புகளுக்குப் போனது. உருக்கியதைக் கொண்டுவரப் பாதை வேண்டும். சென்னை மாகாணத்தில் முதல் ரயிலே 1856ல்தான், ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1830களில் மாட்டு வண்டிதான் கதி. இதையெல்லாம் தாண்டிச் சென்னைக்கு வந்தால் அங்கே கார்ன்வால் செம்பு கப்பலில் வந்து இறங்கியிருக்கும். மலையிலிருந்து வண்டியில் வருவதைவிடப் பாதி உலகத்தைச் சுற்றிக் கப்பலில் வருவது மலிவு! இப்போதும் பல சரக்குகளுக்கு இந்தக் கணக்குதான்.

இதில் ஒரு வேடிக்கை. செம்பு கைவிட்ட அதே நெல்லூர் மாவட்டம், 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மைக்காவுக்கு, அதாவது அபிரகத்துக்கு, பேர்போனது. ஏரியின் வட பக்கம் இருக்கும் கூடூர்தான் அதன் மையம். மைக்காவை உருக்க வேண்டியதில்லை. கையால் உரித்துப் பெட்டியில் அடைத்தால் போதும். மின்சாரத் தொழில் வளர்ந்த காலம் என்பதால் வாங்க ஆளும் இருந்தது. மண்ணில் என்ன இருக்கிறது என்பதைவிட, அதைக் கரை சேர்க்க என்ன செலவாகும் என்பதே முடிவு செய்கிறது.

ஜூனியர் கம்பெனி என்றால் என்ன?

செம்பு, ஈயம், துத்தநாகம், நிக்கல் போன்ற உலோகங்களை ஒரு கூட்டமாகச் சேர்த்துப் பேசுவார்கள். தங்கம் வெள்ளி போல விலை உயர்ந்தவை அல்ல, ஆனால் தொழிற்சாலைக்கு அன்றாடம் வேண்டியவை. இவற்றைத் தேடும் கம்பெனிகளில் இரண்டு ரகம். பெரிய கம்பெனிகள் சுரங்கம் நடத்தி உலோகம் விற்றுப் பணம் பார்க்கும். சின்னக் கம்பெனிகள், அதாவது 'ஜூனியர்'கள், பெரும்பாலும் ஒரு கிராம் உலோகம்கூட விற்றிருக்காது. பங்கு விற்று வந்த பணத்தில் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, துளை போட்டுப் பார்த்து, "இங்கே இவ்வளவு இருக்கிறது" என்று காட்டி, பெரியவனிடம் விற்பது அல்லது தானே தோண்டுவது. இந்த ரகம் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏராளம்.

அவர்கள் விரும்பித் தேடுவது மற்றவர்கள் விட்டுப்போன படிவங்களை. பெரிய கம்பெனிக்குச் சின்னதாகத் தெரிந்தது, விலை விழுந்தபோது மூடியது, பழைய முறையில் பிரிக்க முடியாதது, இப்படி. "அன்று தப்பாக இருந்த கணக்கு இன்று சரியாகிவிட்டது" என்பதுதான் அவர்கள் கட்டும் பந்தயம்.

சில சமயம் பந்தயம் ஜெயிக்கும். ஆஸ்திரேலியாவில் புரோக்கன் ஹில் என்ற ஊரில் ஈயமும் வெள்ளியும் எடுத்துவிட்டுத் துத்தநாகம் கலந்த கழிவை மலை மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். அதிலிருந்து துத்தநாகத்தைப் பிரிக்க அப்போது வழி இல்லை. 1905ல் அந்தக் கழிவை வாங்கவென்றே ஜிங்க் கார்ப்பரேஷன் என்று ஒரு சின்னக் கம்பெனி பிறந்தது. பொடித்த தாதுவைத் தண்ணீரில் எண்ணெய் கலந்து நுரைக்க வைத்தால் உலோகத் துகள் நுரையோடு மேலே வரும் என்ற முறை அதே இடத்தில் அதே காலத்தில்தான் தேறியது. குப்பை பணமானது. அந்தக் கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஹூவர், பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி!

சில சமயம் பந்தயமே மோசடியாக இருக்கும். கனடாவின் பிரீ-எக்ஸ் கம்பெனி இந்தோனேசியாவில் பெரிய தங்கப் படிவம் என்று சொல்லிப் பங்கு விலையை வானத்துக்கு ஏற்றியது. 1997ல் பார்த்தால், மாதிரிகளில் தங்கத்தூளை யாரோ வெளியிலிருந்து கலந்திருந்தார்கள். போட்ட பணம் எல்லாம் போச்சு. படிவத்தின் அளவை யார், எப்படிச் சோதித்துச் சொல்ல வேண்டும் என்று கனடா கடுமையான விதி கொண்டுவந்தது அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டில் ஜெயித்த கதை ஒன்று

நெல்லூரில் தோற்ற கணக்கு வேறு ஓர் இடத்தில் ஜெயித்தது. இன்றைய ஜார்க்கண்டில் உள்ள சிங்பூம். அங்கே பழங்காலத்திலேயே செம்பு எடுத்திருக்கிறார்கள், கசடு மேடுகள் சாட்சி. 1857ல் ஒரு கம்பெனி வந்து இரண்டு ஆண்டில் மூடியது. 1862ல் இன்னொன்று, அதுவும் இரண்டு ஆண்டு. 1891ல் ராஜ்தோஹா கம்பெனி. பிறகு தென்னாப்பிரிக்காவில் செம்பு எடுத்துப் பழகிய கேப் காப்பர் கம்பெனி ராக்கா என்ற இடத்தில் முயன்றது. அதுவும் நிலைக்கவில்லை. ஐந்தாவதாக 1924ல் இந்தியன் காப்பர் கார்ப்பரேஷன் வந்தது. மொசாபனியில் சுரங்கம், காட்சிலா அருகே மௌபண்டாரில் உருக்காலை. இது நின்றது. செம்பு மட்டுமல்ல, பித்தளைத் தகடும் செய்து விற்றது.

ஐந்தாவது ஆள் மட்டும் எப்படி ஜெயித்தார்? தாது அதே தாதுதான். ஆனால் இடையில் பெங்கால் நாக்பூர் ரயில் வந்துவிட்டது. பக்கத்திலேயே நிலக்கரி. டாடா இரும்பாலை வந்து அந்த வட்டாரமே தொழில் வட்டாரமாகியிருந்தது. நுரை முறையும் கைக்கு வந்திருந்தது. முதல் நால்வர் முட்டாள்கள் அல்ல, முன்னால் வந்துவிட்டவர்கள். 1972ல் இந்தக் கம்பெனி அரசுடைமையாகி இந்துஸ்தான் காப்பரில் சேர்ந்தது.

ராஜஸ்தானின் ஜாவர் கதையும் இதே ஜாதி. ஐரோப்பா துத்தநாகம் காய்ச்சக் கற்றுக்கொள்வதற்குப் பல நூற்றாண்டு முன்பே அங்கே மண் குடுவைகளில் துத்தநாகத்தை ஆவியாக்கி இறக்கினார்கள். பிறகு சுரங்கம் கைவிடப்பட்டுக் காடானது. 1940களில் மெட்டல் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா என்ற தனியார் கம்பெனி அதைத் திரும்ப எடுத்து நடத்தியது. 1965ல் அரசு எடுத்துக்கொண்டது. 1966ல் பிறந்த இந்துஸ்தான் ஜிங்க் அதிலிருந்து வந்ததுதான். 2002ல் அது ஸ்டெர்லைட் கைக்குப் போனது. கைவிட்ட சுரங்கத்தைத் தூசு தட்டியவன் ஒருவன், அதைக் கட்டி ஆண்டவர்கள் வேறு வேறு ஆட்கள்.

இன்றைய பந்தயம்

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்காதீர்கள். நம் நாட்டில் 2015 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு சுரங்கக் குத்தகை ஏலத்தில்தான். தேடிக் கண்டுபிடித்தவனுக்கே சுரங்கம் என்ற உறுதி போனதால் சின்னக் கம்பெனிகள் ஒதுங்கின. 2023ல் மறுபடி திருத்தம் செய்து, செம்பு, ஈயம், துத்தநாகம், தங்கம் உட்பட 29 கனிமங்களுக்கு 'ஆய்வு உரிமம்' என்று தனியாகக் கொண்டுவந்தார்கள். ஓர் உரிமத்தில் 1000 சதுர கிலோமீட்டர் வரை தேடலாம். கண்டுபிடித்த இடத்தை அரசு வேறொருவருக்கு ஏலம் விடும், அந்த ஏலத் தொகையில் தேடியவருக்கு ஒரு பங்கு. ஜூனியர் கம்பெனிகளை இழுப்பதுதான் நோக்கம் என்று அரசே சொன்னது. 2025ல் முதல் ஏலம் தொடங்கியது.

தமிழ்நாட்டிலும் பழைய தென்னாற்காட்டுப் பக்கம் மாமண்டூரில் செம்பு, ஈயம், துத்தநாகம் மூன்றும் கலந்த படிவம் இருப்பது தெரிந்த விஷயம். மின்சாரக் காரும் சூரிய மின்சாரமும் செம்பை விழுங்கும் காலம் இது. விட்டுப்போன இடங்களின் கணக்கை மறுபடி போட்டுப் பார்க்க யாராவது வருவார்கள்.

மாமாவின் கேள்வி

இதையெல்லாம் மாமாவிடம் ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து சொன்னேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். "மலைல செம்பு கெடச்சா ஏரிக்காரனுக்கு இன்னாடா வரும்?"

அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு யோசித்தேன். செம்பு மலையில் கிடந்தாலும் அதன் கணக்கு கரையில்தான் முடிகிறது. அன்று ஜப்பான் செம்பு கரையில் இறங்கியது. நம் காலத்தில் தூத்துக்குடி உருக்காலைக்குத் தாது வெளிநாட்டிலிருந்து கப்பலில்தான் வந்தது. அந்த ஆலையை எதிர்த்த போராட்டத்தில் 2018 மே மாதம் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். ஆலை மூடப்பட்டது. மீண்டும் திறக்கக் கேட்ட வழக்கை 2024ல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. எங்கள் பக்கமும் அப்படித்தான். ஸ்ரீஹரிக்கோட்டை ராக்கெட் தளமானபோது அங்கிருந்த குடும்பங்கள் இடம் மாறின. 2001ல் எண்ணூர் துறைமுகம், முதலில் நிலக்கரிக்காக. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம், 2018ல் அது அதானி கைக்குப் போனது. அதைப் பெரிதாக்கும் திட்டம் வந்ததும் கோட்டைக்குப்பம் முதல் கூனங்குப்பம் வரை எல்லாக் குப்பங்களிலும் ஒரே பேச்சு. முகத்துவாரம் என்ன ஆகும், இறால் எங்கே போகும் என்பதுதான் அது.

இந்த இடங்களையெல்லாம் திட்டக்காரர்கள் காலியிடம் என்றுதான் பார்க்கிறார்கள். 'கவனிக்கப்படாத படிவம்' என்ற சொல்லிலும் அதே தொனி. யார் கவனிக்கவில்லை? சிங்பூமில் கசடு மேடுகள் இருந்தன, ஜாவரில் குடுவைகள் குவிந்து கிடந்தன. அங்கே வாழ்ந்தவர்கள் எப்போதோ கவனித்துவிட்டார்கள். பணம் வைத்திருந்தவன் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. நல்ல மீன் கிடைக்கும் இடம் யாருக்கும் நிரந்தரம் இல்லை. இன்று உனக்கு, நாளை எனக்கு என்று முறை மாறும். யார், எங்கே, எந்த வலையோடு என்பதை ஊர் கூடி முடிவு செய்யும். இதிலும் குறை இருக்கிறது. பாட்டில் பங்கு இல்லாதவர்கள் ஏரியிலேயே உண்டு, அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் பாடு ஒன்றை மறப்பதில்லை. நாளைக்கும் ஏரி வேண்டும், நாளைக்கும் ஆள் வருவான்.

சுரங்கக் குத்தகையில் இந்த நாளைக்கு என்பது இல்லை. சின்னக் கம்பெனி இரண்டு ஆண்டில் மூடிவிட்டுப் போகலாம், இன்னொருவருக்கு விற்கலாம், அரசு எடுத்துக்கொள்ளலாம். சிங்பூமில் எழுபது ஆண்டுக்குள் ஐந்து கம்பெனி மாறியதைப் பார்த்தோம். குழியும் கசடும் தண்ணீரும் மட்டும் அதே ஊர்க்காரர்களோடு இருக்கும். அதனால் சுரங்கமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இதை நான் தட்டச்சு செய்யும் கம்ப்யூட்டரிலும் செம்பு இருக்கிறது. மாமாவின் படகு மோட்டாரிலும் இருக்கிறது. ஆனால் 1801லிருந்து கம்பெனிகள் போட்ட கணக்கில் தாது, விறகு, பாதை, விலை எல்லாம் இருந்தன. கம்பெனி போன பிறகு அங்கேயே இருக்கப் போகிறவனுக்கு மட்டும் ஒரு வரி இல்லை. அந்த வரியைச் சேர்த்துப் போட்டும் கட்டுப்படியாகிற சுரங்கம் தாராளமாக வரட்டும். கட்டுப்படியாகாவிட்டால், நெல்லூர்ச் செம்பு போல இன்னும் கொஞ்ச நாள் மண்ணிலேயே கிடக்கட்டும். அது எங்கும் ஓடிப்போகாது.

மாமாவுக்கு இதைச் சுருக்கமாகச் சொன்னேன். "அப்ப மொதல்ல பாடு யாருதுன்னு கேளு, அப்பறம் வலையை எறக்கு" என்றார். நான் இரண்டாயிரம் வார்த்தை எழுதியதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

உங்கள் ஊர்ப் பக்கமும் இப்படிக் கைவிட்ட பழைய சுரங்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.